சாவா மூவா விளக்கு

வெள்ளாறு பரங்கிப்பேட்டையண்டை கடலோடு கலக்கிறது. அதற்குத் தெற்கே சிதம்பரம், வடக்கே கெடில நதி பாயும் கடலூர். இந்தப் பிரதேசத்தில் விளக்கு என்பது வெறும் வீட்டுச் சாமானாக ஒருகாலும் இருந்ததில்லை. வெள்ளாற்றின் கரையிலிருந்த இருக்குவேளூரிலிருந்து தில்லைக்கு வந்து, திருப்புலீச்சரத்தில் விளக்கெரிக்கும் தொண்டை மேற்கொண்ட கணம்புல்ல நாயனாருடைய சரித்திரத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் வைத்திருக்கிறார். கைப்பொருள் கரைந்து போனபின், கணம்புல்லை அரிந்து விற்று, வந்த காசுக்கு நெய் வாங்கி விளக்கேற்றினார் அவர். புல் விலைபோகாத நாளில் அந்தப் புல்லையே திரித்து எரித்தார். அதுவும் குறித்த யாமம் வரையில் எரியப் போதாதபோது, தம் தலைமயிரையே விளக்கில் மடுத்தார். பக்தர்கள் இதிலே அன்பின் எல்லையைக் காண்கிறார்கள். ஆனால், கிராமங்களுக்கு வெளிச்சம் வந்த வரலாற்றை ஆராயப் புகுகிறவனுக்கு இந்தக் கதையில் இன்னொரு செய்தியும் தட்டுப்படுகிறது. நாயனாரை வருத்திய கவலை விளக்கை ஏற்றுவது எப்படி என்பதன்று. ஏற்றிய விளக்குக்கு நாளைக்கு நெய் எங்கிருந்து வரும் என்பதே.

அந்தக் கவலைக்குத் தனி மனிதர் ஒருவர் தம் உடம்பைக்கொண்டு விடை சொன்னார் என்றால், சமூகம் வேறு விதமாக விடை சொல்லிற்று. சோழர் காலத்துக் கோயிற் சுவர்களில் நந்தா விளக்குக்கு நிவந்தம் விட்ட சாசனங்கள் எண்ணற்றவை. ஒரு விளக்கு இடைவிடாமல் எரிய வேண்டுமானால், தானம் செய்பவர் நெய்யைக் குடத்தில் அளந்து கொடுத்துவிட்டுப் போவதில்லை. தொண்ணூறு ஆடு, சில கோயில்களில் தொண்ணூற்றாறு ஆடு என்று ஒரு மந்தையை இடையர்கள் வசம் ஒப்புவிப்பார். அதை ஏற்றுக்கொண்டவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கக் கடமைப்பட்டவர்கள். அந்த மந்தைக்குச் சாசனங்கள் இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகாதா, மூப்படையாதா என்றால், சாகும், மூப்படையும். ஆனால் செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாக ஈன்ற குட்டிகளைச் சேர்த்து, மந்தையின் தொகை குறையாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இடையரைச் சேர்ந்தது. தானம் கொடுத்தவர் மறைந்து, அவர் பேரரும் மறைந்த பிறகும் விளக்கு எரிய வேண்டும் என்ற எண்ணத்தில், பொருள் தேயும் என்பதையும் தேய்வை ஈடுசெய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிவைத்த இந்த ஏற்பாட்டைவிட நுட்பமான நிர்வாகச் சிந்தனையைப் பிற்காலத்து மின்சாரத் திட்டங்களில் தேடினாலும் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

கோயிலுக்கு நெய், குடிகளின் வீட்டுக்கு எண்ணெய். இலுப்பையும் புன்னையும் ஆமணக்கும் அந்த எண்ணெயைத் தந்தன. ஆமணக்கெண்ணெய்க்கு ‘விளக்கெண்ணெய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. விளக்கை விட்டு அந்த எண்ணெய் நீங்கித் தலைமுறைகள் ஆனபின்னும் பெயர் மட்டும் நீங்கவில்லை. அந்த எண்ணெயும் தாராளமாகக் கிடைத்த பொருளன்று. வடலூருக்கு அருகில் கருங்குழி என்னும் ஊரில் இராமலிங்க அடிகள் தங்கியிருந்த நாட்களில், எண்ணெய் என்று கருதிப் புதுக் கலத்திலிருந்த தண்ணீரை அகலில் வார்க்க, விளக்கு விடியுமளவும் எரிந்தது என்று இன்றும் அவ்வூர்ப்பக்கத்தார் சொல்லுகிறார்கள். திருவாரூரில் நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்த கதையும் இதற்கு உறவானதே. எண்ணெய் அருமையான நாட்டில்தான் தண்ணீர் எரிந்த கதைகள் இத்தனை அன்போடு காப்பாற்றப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமை எண்ணெய் வந்தது. மண்ணெண்ணெய் என்றும், கிருஷ்ணாயில் என்றும் ஜனங்கள் வழங்கிய அந்த எண்ணெய், சிம்னி விளக்கிலும் அரிக்கேன் விளக்கிலும் குடிபுகுந்து, இலுப்பையெண்ணெயை வீட்டிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற்றிற்று. வெளிச்சம் கூடியது, புகையும் கூடியது. ஆனால் யாரும் அதிகம் கவனியாத மாறுதல் வேறொன்று. அதுவரையில் ஊர் எல்லைக்குள் விளைந்து, ஊர்ச் செக்கில் ஆடப்பெற்ற வெளிச்சம், இப்போது தகர டின்னில் அடைபட்டுக் கடல் கடந்து வரலாயிற்று. அதே காலத்தில் தென்னார்க்காட்டு ஜில்லாவின் செம்மண் மேடுகளில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பெருகி விளைந்து, மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து பிரான்சு தேசத்து மார்சேல் துறைமுகத்துக்குக் கப்பலேறிற்று என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், எண்ணெய் வித்தை ஏற்றுமதி செய்துவிட்டு எண்ணெயை விலைக்கு வாங்கும் நிலைக்கு ஒரு ஜில்லா எப்படி வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

மின்சாரம் இந்நாட்டுக்கு வந்தபோது பெரிய உருவத்தில் வரவில்லை என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், ஓர் ஊருக்கோ ஒரு வட்டாரத்துக்கோ மின்சாரம் வழங்கத் தனி நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. அவற்றுட் பல, எஞ்சினும் ஜெனரேட்டரும் வைத்து, தங்கள் ஊர்த் தெருக்களுக்கு மட்டும் கம்பி இழுத்து, மாலையில் விளக்கெரித்தன. இந்த ஜில்லாவிலும் தென்னார்க்காடு மின்சார விநியோகக் கம்பெனி என்ற நிறுவனம் அப்படிப்பட்ட உரிமத்தோடு தொழில் நடத்திற்று. இன்று நிபுணர்கள் ‘சிறு மின்தொகுப்பு’ என்று புதுமையாகப் பேசுகிற பொருள், பாட்டனார் காலத்தில் பல ஊர்களின் சாதாரண அநுபவம். ஆனால் அந்தக் கம்பிகள் பட்டணத்துக் கடைவீதியையும் கச்சேரியையும் வக்கீல்களின் வீடுகளையும் தாண்டி வயற்புறத்துக்குப் போகவில்லை. லாபம் கிடைக்காத இடத்துக்குக் கம்பெனி ஏன் கம்பம் நடும்?

இதற்கிடையில் 1932-இல் நீலகிரியின் பைக்காராவும் 1937-இல் மேட்டூரும் நீரின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கின. மலையிலிருந்து சமவெளிக்கு நெடுந்தூரக் கம்பிகள் இறங்கின. பெரிய நிலையத்தில் மலிவாகப் பிறக்கும் மின்சாரத்துக்கு முன்னால் சின்ன எஞ்சின் நிற்க முடியவில்லை. சுதந்தரத்துக்குப்பின் சென்னை ராஜ்யம் இந்தக் கம்பெனிகளைத் தன்வசப்படுத்த 1949-இல் ஒரு சட்டம் செய்ய, அது 1954-இல் சுப்ரீம் கோர்ட்டில் செல்லாமற்போக, அவ்வாண்டிலேயே மறுபடி சட்டம் இயற்றிற்று. 1957 ஜூலை முதல் தேதி சென்னை மின்சார வாரியம் பிறந்தது. தென்னார்க்காட்டுக் கம்பெனியையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதில் உழைத்த தொழிலாளர்களின் நஷ்டஈட்டு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் நடந்தது. சிறிய ஏற்பாடுகளின் காலம் அவ்வளவில் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள். அப்படி எண்ணியதில் தவறுமில்லை; குக்கிராமத்துக்குக் கம்பி இழுக்கக் கம்பெனிக்கு இல்லாத மனம் வாரியத்துக்கு இருந்தது. காமராசர் முதலமைச்சராயிருந்த ஆண்டுகளில் வயற்காட்டுக்கு விரைந்து போன அந்தக் கம்பி, வீட்டு விளக்கைக் காட்டிலும் கிணற்றுப் பம்புசெட்டைத்தான் முதலில் தேடிற்று. கவலை ஏற்றம் இறைத்த மாடுகள் ஓய்ந்தன. குடிசைக்கு ஒரு விளக்கு என்பது அதற்குப் பிந்திய சலுகை.

இந்த ஜில்லாவின் மின்சாரக் கதையில் நடுநாயகமாக நிற்பது நெய்வேலி. முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி பெருவாரியாகப் படிந்து கிடப்பது பின்னால் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் அமைந்தது. 1957 மே மாதம் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ரஷ்யாவின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் எந்திரம் 1962-இல் ஓடத் தொடங்கியது. அந்நிலையம் வளர்ந்து 600 மெகாவாட் ஆயிற்று. தண்ணீர் தேடிப் போனவனுக்கு நெருப்பு கிடைத்த இந்தச் சம்பவத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கரிப்படிவத்துக்குக் கீழே பீறிட்டெழும் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்பதால், இரவும் பகலும் அதை இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கம் நடத்த இயலாது. நெருப்பை எடுப்பதற்காக நீர் இறைக்கப்பட்டது. சுற்றுப்புறத்துக் கிணறுகள் தாழ்ந்துவிட்டன என்ற முறையீடு அந்நாள் முதல் இந்நாள் வரை ஓயவில்லை. சுரங்கத்துக்காக ஊரையும் நன்செயையும் குலதெய்வத்தின் கோயிலையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் துயரத்தை, தேசத்துக்கு வெளிச்சம் கிடைத்தது என்ற ஒரே வாக்கியத்தால் அழித்துவிட நான் ஒருப்படமாட்டேன். அவர்கள் நிலத்தடியில் பிறந்த மின்சாரம் அவர்கள் தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பியில் எங்கெங்கோ தூரதேசங்களுக்குப் போயிற்று.

கம்பி நீண்டதாயிருப்பது பலம். நீண்டதாயிருப்பதே பலவீனமுமாகும் என்பதை 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலம் கடலூர் கற்றுக்கொண்டது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததோடு, மின்கம்பங்களையும் ஆயிரக்கணக்கில் முறித்துப் போட்டது. வெளி ஜில்லாக்களிலிருந்து வாரியத்துத் தொழிலாளர்கள் திரண்டு வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியிருந்தும் உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இந்தியாவின் பெரிய மின்நிலையங்களுள் ஒன்றைத் தன் மடியில் வைத்திருக்கும் ஜில்லாவில், வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கு ஏழாண்டு முன், 2004 டிசம்பர் 26-இல், கடல் பொங்கியபோது கிள்ளைக்கு அப்பால் உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவக் குடியிருப்பு அழிந்தது. எஞ்சியவர்கள் கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுப் பக்கத்தில் ‘எட்டாத ஊர்’ என்றால் மலைமேல் இருக்கிற ஊர் என்று பொருளல்ல. நடுவே தண்ணீர் கிடக்கிற ஊர் என்று பொருள்.

நடுவே தண்ணீர் கிடந்த ஊர்களுக்குத் தத்தம் சொந்தக் கம்பியை, தத்தம் சொந்த மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்த பரீட்சை இந்தியாவில் பெரிய அளவில் நடந்தது, இதே அலையாத்திக் காடுகள் சூழ்ந்த வங்காளத்துச் சுந்தரவனத்தில்தான். கங்கை கடலில் விழும் சாகர் தீவில் 1996-இல் 26 கிலோவாட் அளவில் ஒரு சூரிய மின்நிலையம் தொடங்கி, பின்னர் வேறு பல நிலையங்களும் எழுந்தன. பகலெல்லாம் வெயிலைப் பாட்டரியில் சேமித்து, மாலையில் சில மணி நேரம் கடைக்கும் வீட்டுக்கும் கொடுப்பது, மாதக் கட்டணம் வசூலிப்பதிலும் இணைப்புக் கொடுப்பதிலும் ஊர்க்காரர்களுக்குப் பங்கு அளிப்பது, இதுவே ஏற்பாடு. கொசாபா தீவில் 1997-இல் விறகை வாயுவாக்கி எஞ்சின் ஓட்டும் நிலையம் கூட்டுறவு முறையில் தொடங்கியது. டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காத்லாந்துக்காரர் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே கூட்டுறவுக் குடியிருப்பு அமைத்து, அதைப் பார்க்க ரவீந்திரநாத தாகூர் 1932-இல் போய்வந்த ஊர் அது; கூட்டாகக் கணக்கு வைத்துப் பழகிய ஊரில் கூட்டு மின்சாரம் வேர்விட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பிற்பாடு முரிகங்கை ஆற்றின் குறுக்கே உயர்ந்த கோபுரங்கள் எழும்பிப் பெருங்கம்பி சாகருக்கும் வந்தது. சிறு நிலையங்களின் அவசியம் குறைந்தது.

இலங்கையின் மலைநாட்டிலும் இதே கதையைத்தான் வேறு பாஷையில் காண்கிறோம். நம் தமிழ்த் தொழிலாளர் வியர்வையில் தழைத்த தேயிலைத் தோட்டங்களில், ஓடையின் நீரால் சக்கரம் சுழற்றித் தொழிற்சாலைக்குச் சக்தி தருவது பழைய பழக்கம். அந்த நுட்பத்தை எடுத்துத் தொண்ணூறுகள் முதல் சிங்களக் கிராமங்கள் பல, மின் நுகர்வோர் சங்கம் என்று அமைத்து, சிரமதானமாய் வாய்க்கால் வெட்டி, ஓடைக்கு ஒரு சிறு நிலையம் வைத்தன. பெருங்கம்பி வந்தபோது அநேகம் நிலையங்கள் கைவிடப்பட்டன. சில மட்டும் அந்தக் கம்பியோடேயே இணைந்து, மின்சாரம் வாங்குபவையாயிருந்த கிராமங்களை விற்பவையாக மாற்றின.

பீகாரத்து ஜெகானாபாத் ஜில்லாவில் தர்னாய் என்ற கிராமத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருளிலிருந்த அந்த ஊருக்கு, 2014-இல் கிரீன்பீஸ் நிறுவனம் 100 கிலோவாட் சூரியத் தொகுப்பு அமைத்துக் கொடுத்தது. தெருவிளக்கு எரிந்தது; பத்திரிகைகள் எழுதின; முன்னாள் முதலமைச்சர் வந்தார். வந்தவரிடம் ஜனங்கள் ‘அசல் மின்சாரம்’ வேண்டும் என்று கேட்டார்கள். நன்றியில்லாத கேள்வி என்று சிலர் வருந்தினார்கள்; எனக்கு அது மிகவும் நியாயமான கேள்வியாகவே படுகிறது. மின்விசிறி சுழலும், விளக்கு எரியும், ஆனால் குளிர்பெட்டிக்கு ஆகாது, யூனிட்டுக்கு விலையும் அதிகம் என்றால், பட்டணத்தானுக்கு ஒரு மின்சாரம், கிராமத்தானுக்கு ஒரு மின்சாரமா என்று கேட்பவனை எப்படிக் குற்றம் சொல்வது? விரைவில் பெருங்கம்பி வந்தது, மலிவாய் வந்தது. சில ஆண்டுகளில் பாட்டரிகள் ஓய்ந்தன, மாற்றுவாரில்லை, நிலையத்து வளாகத்தில் மாடு கட்டினார்கள்.

பாட்டரி என்பது செத்துப்போகிற ஆடு. ஈயப் பாட்டரி ஐந்தாண்டு உழைத்தால் பெரிது. சூரியப் பலகையோ இருபதாண்டுக்குமேல் நிற்கும். பலகையை நட்டுத் திறப்பு விழா நடத்துகிறவர்கள், ஐந்தாவது ஆண்டில் சாகப்போகிற ஆட்டுக்குக் குட்டி எங்கே என்று கேட்கத் தவறிவிடுகிறார்கள். நம் ராஜ்யத்தில் 2011-இல் தொடங்கிய சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒன்றுக்கு ஐந்து சூரிய விளக்குகள் வீதம், ஆண்டுக்கு 60,000 வீடுகள் கட்டித் தருவதென்று ஏற்பாடாயிற்று. ஏழையின் கூரைமேல் சூரியனை ஏற்றிய அந்த எண்ணம் உயர்ந்தது. ஆயினும் ஒவ்வொரு வீடும் தனித்தனித் தீவாக, தன் பாட்டரியின் மரணத்தைத் தானே எதிர்கொள்ள வேண்டியதாக அமைந்ததை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. பத்து வீடு சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்திருந்தால் அந்தத் தொகையே குட்டியாகியிருக்கும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், அறிவிக்கப்பட்ட கிராமப் பகுதிகளில் மின்சாரம் உண்டாக்கி விநியோகிக்க உரிமமே தேவையில்லை என்று வழிதிறந்துவிட்ட பிறகு, தடை சட்டத்தில் இல்லை.

சாவா மூவாப் பேராட்டின் பொருளைத் தமிழ்நாட்டில் இக்காலத்தில் நன்கு உணர்ந்து செய்தது, நான் அறிந்தவரையில், மேட்டுப்பாளையத்துக்கு அருகேயுள்ள ஓடந்துறைப் பஞ்சாயத்து. அதன் தலைவராயிருந்த ஆர். சண்முகம் அவர்கள் காலத்தில், தண்ணீர் இறைக்கும் மின்கட்டணம் பஞ்சாயத்தை விழுங்குவதைக் கண்டு, முதலில் விறகுவாயு எந்திரம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு 2006-இல், பஞ்சாயத்தின் சேமிப்போடு வங்கியில் ஒரு கோடியே பதினைந்து லட்சம் கடன் வாங்கி, மொத்தம் ஒரு கோடியே ஐம்பத்தைந்து லட்ச ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கினார்கள். அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை; காற்று எங்கே வீசுமோ அங்கே, உடுமலைப்பேட்டைப் பக்கம் நட்டார்கள். அது தரும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியிலே விட்டு, தங்கள் தேவை போக மிஞ்சியதை வாரியத்துக்கு விற்று, வந்த பணத்தால் கடனை அடைத்தார்கள். பெருங்கம்பியை அவர்கள் பகைக்கவில்லை. பாட்டரி வாங்கிச் சாகக் கொடுக்காமல், அந்தக் கம்பியையே தங்கள் பாட்டரியாக வைத்துக்கொண்டார்கள். மந்தை ஓர் ஊரில் மேய, விளக்கு வேறோர் ஊரில் எரிந்த பழைய சாசன முறையே அது. இடையருக்குப் பதில் வாரியம், ஆட்டுக்குப் பதில் காற்று.

கடலூர் ஜில்லாவில் வெயிலுக்குக் குறைவில்லை. 1842-இலேயே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை எழுந்த நெல்லிக்குப்பத்தில் கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் தன் ஆயுள் முடிந்து 2020-இல் ஓய்வு பெற்றது. அதே நெய்வேலியில் இப்போது சூரியப் பலகைகள் வயல்போலப் பரந்து கிடக்கின்றன. அந்த மின்சாரமும் பழையபடி நெடுங்கம்பியில் ஏறித் தூரதேசம் போகிறது.

நெய்வேலியிலிருந்து வடலூர் பத்துக்கல் தொலைவுகூட இல்லை. பார்வதிபுரத்துக் குடியானவர்கள் எண்பது காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுக்க, 1867 மே 23-ஆம் தேதி இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அரிசியும் காயும் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து வந்து இறங்குகின்றன. இன்றும் யாரோ ஒருவர் அந்த அடுப்பினுள் விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.